மரநாயைப் பூனை என்கிறதே கணினி?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் பயிலும் என் மகள், காட்டில் பொருத்தப்பட்ட தானியங்கிக் கேமராப் படங்களைக் கணினி நிரலின் துணையோடு வகைப்படுத்துகிறாள். அது மரநாயைப் பூனை என்கிறது. அதன் முடிவுகளை நம்பலாமா?
– வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: விலங்கே இல்லாத படங்களைக் கழிப்பதற்குப் பெரிதும் நம்பலாம், விலங்கின் பெயரைச் சரிபார்க்காமல் ஏற்கக் கூடாது. இந்தக் கேமராக்கள் வெப்ப வேறுபாட்டோடு கூடிய அசைவை உணர்ந்தே படமெடுப்பதால், வெயிலில் சூடான இலை காற்றில் ஆடினாலும் இயங்கிவிடும். ஆகவே வெற்றுப் படங்கள் மலையாகக் குவியும். மைக்ரோசாப்ட் உருவாக்கிய மெகாடிடெக்டர் என்னும் நிரல் விலங்கின் பெயரைச் சொல்லாது; விலங்கு, மனிதர், வாகனம் இருக்குமிடத்தைக் கட்டமிட்டுக் காட்டும். முதற்கட்ட வடிகட்டலுக்கு அதுவே போதும்.

பெயரிடுவதில்தான் சிக்கல். தான்சானியாவின் செரெங்கெட்டியில் எடுத்த 3.2 மில்லியன் படங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வில், 99.3 விழுக்காட்டுப் படங்களை மனிதத் தன்னார்வலர்களுக்கு இணையாக 96.6 விழுக்காட்டுத் துல்லியத்துடன் கணினி அடையாளம் கண்டது. ஆனால் அதே ஆண்டில் வந்த வேறோர் ஆய்வு, பயிற்சியில் இடம்பெறாத புதிய இடத்துப் படங்களில் துல்லியம் வெகுவாகச் சரிவதைக் காட்டியது. விலங்கோடு சேர்த்துப் பின்னணியையும் கணினி கற்றுக்கொள்வதே காரணம். திறந்த புல்வெளியில் பயின்ற நிரல், புதர் மண்டிய நம் காட்டில் தடுமாறுவது இயல்பு. அதிலும் இரவில் அகச்சிவப்பு ஒளியில் எடுத்த கருப்பு வெள்ளைப் படத்தில், மரநாயின் முகத்திலுள்ள கருந்திட்டு தெரியாமல் வாலும் பின்னங்கால்களும் மட்டும் விழுந்திருந்தால், பயிற்சியில் ஏராளமாகக் கண்ட பூனையின் பெயரையே அது சொல்லும்.

அரிய விலங்குகளே என்னை அதிகம் கவலைப்பட வைக்கின்றன. புக்கிட் தீமா விரைவுச்சாலையால் பிரிந்த காடுகளை இணைக்க 2013இல் அமைத்த பாலத்தை எறும்புத்தின்னியும் பயன்படுத்துகிறது. அழிவின் விளிம்பிலுள்ள அந்த உயிர் ஒரே ஒரு படத்தில் பதிந்து, அது 'வெற்று' என்று கழிந்துபோனால், அங்கு அது வந்துபோன தடயமே நமக்கு இல்லாமற்போகும்.

எனவே, நிரல் தன் முடிவில் எவ்வளவு உறுதியாக உள்ளது என்பதைக் காட்டும் நம்பக மதிப்பெண் குறைந்த படங்களையும், அரிய விலங்கு என்று குறித்த எல்லாவற்றையும், வெற்று என்று ஒதுக்கியவற்றில் சிலவற்றையும் உங்கள் மகள் தம் கண்ணால் பார்க்கட்டும். ஒரு கேமராவின் படங்கள் முழுவதையும் பயிற்சியில் சேர்க்காமல் சோதனைக்கென ஒதுக்கினால்தான் உண்மையான துல்லியம் தெரியும். திருத்திய மரநாய்ப் படங்களைக் கொண்டு நிரலை மீண்டும் பயிற்றுவித்தால், பூனைக் குழப்பம் பெருமளவு குறையும்.