எங்கள் கடல் பார்க்கிற கடல்

குடும்பத்தோடு கார் எடுத்துக் குமரிக் கரையோரம் வர நினைக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, மணவாளக்குறிச்சியிலிருந்து பல காலம் சுற்றுலா வேன் ஓட்டியவர் பதில் சொல்கிறார்.

டிசம்பர் கடைசியில் மூன்று நாள் வருகிறோம். இரண்டு பிள்ளைகள், எழுபது தாண்டிய மாமியார். எங்கே தங்குவது? ஒரே இடத்தில் நின்று உதயமும் அஸ்தமனமும் பார்க்கலாம் என்பது உண்மையா?
வாசகி, ஈரோடு

உண்மைதான் அம்மா, ஆனால் மாதம் பார்த்து வரவேண்டும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடும். அக்டோபரிலிருந்து மார்ச் பாதி வரை முனையில் நின்றால் காலையில் கடலிலிருந்து ஏறுவதும் தெரியும், மாலையில் கடலிலேயே இறங்குவதும் தெரியும். மே, ஜூனில் வருகிறவர்களுக்கு உதயம் கிடைக்கும். அஸ்தமனம் கரைக்குப் பின்னால் போய்விடும். லாட்ஜ்காரர் மட்டும் பன்னிரண்டு மாதமும் "ரெண்டும் தெரியும் சார்" என்றுதான் சொல்வார். டிசம்பர் சரியான மாதம். மேகம் யார் கையிலும் இல்லை.

ஆனால் அது சபரிமலை சீசன். ஐயப்ப பக்தர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். கன்னியாகுமரியில் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போகும். ஒரே ஒரு ராத்திரி அங்கே தங்குங்கள். கிழக்கே பார்த்த மொட்டைமாடி உண்டா என்று கேட்டு அறை எடுங்கள். மாமியார் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே சூரியனைப் பார்க்கட்டும்; அவரை இருட்டில் எழுப்பிக் கூட்டத்தில் நிறுத்த வேண்டாம். மற்ற இரண்டு ராத்திரிக்கும் நாகர்கோவில். இருபது கிலோமீட்டர்தான். நல்ல சாப்பாடு, மருந்துக்கடை, ஆஸ்பத்திரி எல்லாம் அங்கேதான்.

விவேகானந்தர் பாறைக்குப் போய்விட்டு, கண்ணாடிப் பாலம் வழியாகத் திருவள்ளுவரையும் பார்த்துவிட முடியுமா? எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?
வாசகர், ஓசூர்

அரை நாள் வையுங்கள். படகு காலை எட்டு மணிக்குத் தொடங்கும், வரிசை அதற்கு முன்பே தொடங்கிவிடும். முன்பெல்லாம் கடல் கொஞ்சம் முறைத்தாலும் வள்ளுவர் பக்கம் படகு போகாது; பாறையோடு திரும்பிவிடுவார்கள். 2024 டிசம்பர் 30-ல் அந்தப் பாலம் திறந்தபிறகு அந்தக் கவலை குறைந்துவிட்டது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், நடந்தே போகலாம். கண்ணாடிக்குக் கீழே அலை தெரியும்போது பெரியவர்களைவிடப் பிள்ளைகள்தான் தைரியமாக நிற்பார்கள். மண்டபத்துக்குள் செருப்பு கூடாது. உச்சிவெயிலில் பாறை காலைச் சுடும், அதனால் முதல் படகுகளிலேயே போய்விடுங்கள். காற்று பலத்தால் படகையே நிறுத்திவிடுவார்கள். அப்போது டிக்கெட் கவுன்டரில் சண்டை போடாமல், கிழக்கே கடலோரம் இருக்கும் வட்டக்கோட்டைக்கு வண்டியைத் திருப்புங்கள்.

பிள்ளைகள் கடலில் குளிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எந்தக் கடற்கரை பத்திரம்?
வாசகி, கோயம்புத்தூர்

எதுவும் இல்லை. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. எங்கள் கடல் பார்க்கிற கடல், குளிக்கிற கடல் இல்லை.

மேற்குக் கரையில் பல இடங்களில் மணல் சட்டென்று சரியும். நாலு அடி முன்னால் முழங்கால் தண்ணீர், அடுத்த அடியில் கழுத்து. அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எங்காவது ஒரு வழி பிடித்துத் திரும்பிப் போயாக வேண்டுமே. அந்த வழியில் அலை உடையாது, பார்த்தால் அமைதியாக இருக்கும். வெளியூர்க்காரர்கள் "இங்கே அலை கம்மி" என்று தேடிப் பிடித்து இறங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அந்த இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி நீந்தி ஜெயிக்க முடியாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதை விட்டு வெளியே வந்து, பிறகுதான் கரைக்குத் திரும்பவேண்டும். பிள்ளைகளுக்கு அந்த நிதானம் வருமா?

இன்னொன்று, கள்ளக்கடல். தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், எங்கோ புயல் அடிக்கும். அதன் அலை நாள் கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும், காற்றே இருக்காது. கடல் மட்டும் திடீரென்று கரைக்குள் நுழையும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த பிள்ளைகள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்துபோனது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே விடுகிறது, செய்தியில் வரும். அது வந்த நாளில் கரைப்பக்கமே போகவேண்டாம். நெற்றியில் எழுதி ஒட்டாத குறையாகப் போர்டு வைத்திருந்தாலும், அதற்கே முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தூண்டில் வளைவு என்று கடலுக்குள் கல்லைக் கொட்டி நீட்டியிருப்பார்கள். அதன்மேல் ஏறவேண்டாம், பாசி வழுக்கும். முட்டத்துப் பாறைகளும் அப்படித்தான், ஈரமாக இருக்கும் பாறை என்றால் அதுவரை அலை வருகிறது என்று அர்த்தம். காய்ந்த பாறையில் உட்கார்ந்து பாருங்கள், அதைவிட அழகான சாயங்காலம் இந்த ஜில்லாவில் இல்லை.

கால் நனைக்க சொத்தவிளைக் கடற்கரை போதும், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு. குளியல்தான் வேண்டும் என்றால் ஒரு நாள் மலைப்பக்கம் திரும்பித் திற்பரப்பு அருவிக்குப் போங்கள். அங்கே பிள்ளைகளுக்கென்று நீச்சல்குளமே இருக்கிறது.

கோவளம் போகச் சொன்னார்கள். மேப்பில் போட்டால் மூன்று மணி நேரம் காட்டுகிறதே?
வாசகர், கரூர்

அது திருவனந்தபுரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் கேரளத்துக் கோவளம், தம்பி. எங்கள் கோவளம் கன்னியாகுமரிக்கு மேற்கே ஒட்டியே இருக்கும் மீனவர் ஊர். சென்னைக்காரர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. மேப்பில் மாவட்டத்தின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும்? ஜூலையில் வந்தால் மீன் இருக்காது என்கிறார்களே?
வாசகர், சேலம்

கடையின் பெயர் சொல்லமாட்டேன், கிழமை சொல்கிறேன். எங்கள் துறைகளில் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அன்றைக்கு ஓட்டலில் கிடைப்பது முந்தைய நாள் மீன். ஞாயிறன்று அவியல், தீயல், புளிசேரி என்று சைவமாகச் சாப்பிட்டுவிட்டு, மீனை வார நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை விஷயம் பாதி உண்மை. விசைப்படகுத் தடை எங்கள் மாவட்டத்தில் இரண்டாகப் பிரியும். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூலையில் ஒரு பக்கம் கட்டிக் கிடக்கும்போது இன்னொரு பக்கம் ஓடும். வள்ளம் என்கிற நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை கிடையாது, கடல் விட்டால் போவார்கள். ஆனால் அந்த மாதங்களில் கடல் லேசில் விடாது.

நெய்மீன் (உங்கள் ஊர் வஞ்சிரம்) மட்டும் கேட்டு நிற்காதீர்கள். தேங்காய் அரைத்த சாளை (மத்தி) குழம்பும் அவித்த மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) சேர்ந்தால் விலையும் குறைவு, ருசியும் கூட. பிள்ளைகளுக்கு நெத்திலி வறுவல். சோறு சம்பா அரிசியில் தடிமனாக வரும். பழக்கமில்லாதவர்கள் முதலிலேயே வேறு அரிசி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

அப்பா கோயிலில் சட்டை கழற்றத் தயங்குவார். எங்கெல்லாம் கழற்ற வேண்டும்?
வாசகி, தஞ்சாவூர்

பகவதி அம்மன் கோயிலில் கழற்றவேண்டும், சுசீந்திரத்திலும் கழற்றவேண்டும். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் பதிக்குப் போனால் சட்டையையும் கழற்றி, தலையில் துண்டால் தலைப்பாகையும் கட்டவேண்டும். காரில் நல்ல துண்டு ஒன்று கிடக்கட்டும். தோளில் போட்டுக்கொண்டு போனால் அப்பாவுக்குக் கூச்சமும் பாதி குறையும்.

பன்னிரண்டு வயது மகனுக்கு வரலாறு என்றால் கொட்டாவி. என்ன காட்டலாம்?
வாசகர், மதுரை

ஒரே ஒரு ஆளைப் பின்தொடரச் சொல்லுங்கள். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். வெற்றித் தூண் இன்னும் நிற்கிறது. அங்கே பிடிபட்டவர்களில் ஒருவர் டி லனாய். எதிரியாக வந்தவர், ராஜாவின் தளபதியாகிவிட்டார். கன்னியாகுமரிக்குக் கிழக்கே கடலை முட்டி நிற்கும் வட்டக்கோட்டை அவர் காலத்து வேலை. மதிலில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவரது கல்லறை. அதில் லத்தீனோடு தமிழிலும் எழுதியிருக்கும், பையன் வாசிக்கட்டும். பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பு, திங்கட்கிழமை விடுமுறை. பூட்டிய கதவின் முன்னால் நிற்கும் வெளியூர் வண்டியை எல்லாத் திங்கட்கிழமையும் பார்க்கலாம்.

கன்னியாகுமரியிலிருந்து குளச்சலுக்கு ஹைவேயா, கரையோரச் சாலையா?
வாசகர், திருச்சி

அவசரம் இருந்தால் மட்டும் நாகர்கோவில் வழி. இல்லையென்றால் மணக்குடி, சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம், மண்டைக்காடு என்று கரையோரமாகவே வாருங்கள். தெரு குறுகல், ஓரத்தில் வலையும் கருவாடும் காயும். ஹாரன் அடிக்காமல் நின்று போங்கள். அது அவர்கள் வீட்டு முற்றம். மணக்குடிப் பாலத்தில் பழையாறு கடலில் சேருவதைப் பார்க்கலாம். 2004 சுனாமியில் முந்தைய பாலத்தை அலை பெயர்த்துக்கொண்டு போனது. எங்கள் மணவாளக்குறிச்சிப் பக்கம் மணல் கறுப்பாக இருக்கும், அழுக்கு இல்லை; இல்மனைட், மோனசைட் கலந்த தாது மணல்.

வாங்கிப்போக என்ன இருக்கிறது?
வாசகி, விழுப்புரம்

முனையில் கலர் மண் பாக்கெட்டை நீட்டுவார்கள், பிள்ளை கேட்டால் ஒன்று வாங்குங்கள். பவளத் துண்டும் காய்ந்த கடற்குதிரையும் வேண்டாம், வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கருப்பட்டி, ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து மூன்றும் விழுப்புரம் வரை தாங்கும். மட்டி வாழைப்பழம் தாங்காது, நாகர்கோவிலில் ஒரு சீப்பு வாங்கி, திருநெல்வேலி தாண்டுவதற்குள் காரிலேயே தின்று தீர்த்துவிடுங்கள்.