கேளுங்கள், சொல்கிறோம்: ஆங்கிலச் சொல்வளம்

வெளிநாட்டு மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வுக்காகக் கடினமான ஆங்கிலச் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்ப் பொருளோடு மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் மாதிரித் தேர்வில், தெரிந்த சொல் வரும் வினாக்களிலேயே விடை தவறிப்போகிறது. சொற்பொருளைப் படிப்பதா, வாக்கியங்களைப் படிப்பதா?
— பொறியியல் மாணவி, திருச்சி

உங்கள் உழைப்பில் குறை இல்லை. குறை அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை மட்டும் நிறுத்தும் பட்டியல், அச்சொல் எவற்றைக் குறித்து வழங்கும், எந்தச் சொற்களோடு சேரும், பாராட்டா பழிப்பா என்பதைச் சொல்வதே இல்லை. 'யுபிக்விட்டஸ்' என்பதற்கு 'எங்கும் நிறைந்த' என்று படித்தவர் அதை இறைவனுக்கு அடைமொழியாக்கிவிடுவார். ஆங்கிலத்தில் இறைவனுக்கு வழங்குவது 'ஆம்னிபிரசன்ட்'. 'யுபிக்விட்டஸ்' பெரும்பாலும் கைப்பேசி, பிளாஸ்டிக் பை, விளம்பரப் பலகை போல எங்கு திரும்பினாலும் கண்ணில் படும் பொருள்களுக்கு உரியது. 'மிட்டிகேட்' என்பதும் அப்படித்தான். 'குறைத்தல்' என்று மட்டும் அறிந்தவர் வானொலியின் ஒலியையும் காய்கறியின் விலையையும் அதனால் குறைக்கப் பார்ப்பார். ஆனால் அச்சொல் ஆபத்து, இழப்பு, வறட்சியின் பாதிப்பு போன்ற தீங்குகளின் கடுமையைத் தணிப்பதற்கே வரும்.

நீங்கள் எழுதப்போகும் தேர்வும் இதையே சோதிக்கிறது. 2011 ஆகஸ்டில் ஜி.ஆர்.இ. திருத்தியமைக்கப்பட்டபோது எதிர்ச்சொல் வினாக்களும் ஒப்புமை வினாக்களும் நீக்கப்பட்டன. இப்போது வாக்கியத்தின் போக்கை உணர்ந்து கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். அல்லது வாக்கியத்துக்கு ஒத்த பொருளைத் தரும் இரு சொற்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'ஆயினும்', 'ஆகவே' என்ற பொருளில் வரும் இணைப்புச் சொல் ஒன்றைக் கவனிக்கத் தவறினால், ஐந்து தெரிவுகளுக்கும் பொருள் தெரிந்திருந்தும் விடை தவறும்.

ஆகவே, பட்டியலைத் தூக்கி எறியாமல், அதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் பயில்வோருக்கான ஆங்கில-ஆங்கில அகராதி ஒன்றில் பாருங்கள். இவ்வகை அகராதி ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்றே உருவானது. ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்திலிருந்து தொகுத்த அகராதி 1942இல் அங்கேதான் முதலில் அச்சாயிற்று; பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக உலகெங்கும் பரவியது. 1978இல் வந்த லாங்மன் அகராதி, ஏறத்தாழ 2,000 எளிய சொற்களைக் கொண்டே மற்றெல்லாச் சொற்களையும் விளக்கியது. 1987இல் வெளிவந்த கோபில்டு அகராதி ஒரு படி மேலே சென்று, சொல்லை முழு வாக்கியத்தில் வைத்தே விளக்கம் தந்தது. என் கருத்தில், சொற்பொருள், வாக்கியம் என நீங்கள் தேடும் இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது அங்கேதான். விளக்கத்தைப் படித்தபின் எடுத்துக்காட்டுகளைத் தவறாமல் படித்து, அச்சொல்லுக்குப் பக்கத்தில் வரும் பெயர்ச்சொற்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஐம்பது சொற்களைப் புரட்டுவதைவிட எட்டுச் சொற்களை இப்படிப் பழகுவது உங்களுக்கு மிகுந்த பயன் தரும்.

ஆங்கில நாளிதழ் படிக்கும்போது அகராதியைப் பார்க்காமல், இடத்தை வைத்தே பொருளை ஊகித்துக்கொள்கிறேன். இது சரியான வழிதானா?
— பணி ஓய்வு பெற்ற வாசகர், நாகர்கோவில்

ஊகிப்பது நல்ல பழக்கம். அதோடு நின்றுவிடுவதுதான் ஆபத்து. 'நீண்ட சொற்பொழிவு கூட்டத்தை எனர்வேட் செய்தது' என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்தால், 'எனர்ஜி' என்ற பழகிய சொல்லின் சாயலால் கூட்டம் எழுச்சி பெற்றது என்றே பலர் கொள்வர். உண்மையில் கூட்டம் சோர்ந்துபோனது என்பதே அதன் பொருள். அந்த வாக்கியம் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுப்பதால், தவறை அது திருத்தாது, அகராதிதான் திருத்தும்.

ஊகம் பலிக்க வேண்டுமானால் சுற்றியுள்ள சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். சொல்வளக் கல்வியில் நெடுங்காலம் ஆய்வு செய்த நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன், உதவியின்றிப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு பனுவலின் சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். முந்நூறு சொற்கள் கொண்ட பக்கத்தில் தெரியாதவை ஆறுக்கு மேல் போகக்கூடாது என்று இதைக் கொள்ளலாம். அதற்கு மேல் போனால் எளிமையான கட்டுரைக்கு மாறுங்கள். முதலில் ஊகியுங்கள், பத்தி முடிந்ததும் அகராதியில் சரிபாருங்கள். ஊகித்துப் பார்த்த சொல் மனத்தில் நன்றாகப் பதியும்.

மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. தேர்வில் ஒரு தொடருக்கு ஒரு சொல் கேட்கிறார்கள். அதற்கும் வாக்கியங்கள் தேவையா? படித்தவை ஒரு வாரத்தில் மறந்தும் விடுகின்றன.
— தேர்வர், விருதுநகர்

அந்த வகை வினாவில் விளக்கமே வினாவாக வருவதால், அதற்கு மட்டும் விளக்கத்தை நேராகப் பயில்வது சரி. ஆனால் அதே தேர்வில் பத்தியின் இடைவெளிகளை நிரப்பும் வினாக்களும் உண்டு. அங்கே முதல் விடையில் சொன்ன பயிற்சிதான் கைகொடுக்கும். மறதி இயல்பானது. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே, கற்றவற்றில் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலும் நாள்களிலும் நழுவுவதைத் தம்மையே சோதித்து எழுதினார். ஆகவே முதல் மீள்பார்வையை மறுநாளே செய்யுங்கள்; பிறகு மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளியை நீட்டுங்கள். அட்டையின் ஒரு பக்கத்தில் விளக்கத்தையும், கீழே சொல்லுக்கு மட்டும் கோடிட்ட வாக்கியத்தையும் எழுதி, மறுபக்கத்தில் சொல்லை வையுங்கள். வெறுமனே திரும்பப் படிக்காமல், அட்டையைத் திருப்பும் முன் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.