390-ஐ விற்று 200 வாங்கினால் இறங்கிப்போன மாதிரியா?

கேள்வி: அண்ணா, 2018 மாடல் கேடிஎம் டியூக் 390 வைத்திருக்கிறேன். 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வயது 36, உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். வீடு பொள்ளாச்சி, வேலை கிணத்துக்கடவில். அப்பாவுக்கு முடியாமல் போனதிலிருந்து ஆனைமலைப் பக்கம் இருக்கிற தென்னந்தோப்பை நான்தான் பார்க்கிறேன். வாரம் மூன்று நாளாவது போகணும், கடைசி மூன்று கிலோமீட்டர் இட்டேரி, வேலிகளுக்கு நடுவே போகிற மண்பாதை. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி-க்கு மாறிவிடலாமா என்று யோசனை. நண்பர்கள் சிரிக்கிறார்கள். போன ஆனியில் இட்டேரி வளைவில், ஈரச் சரளையில் முன் பிரேக்கைத் தொட்டேன், முன் சக்கரம் வழுக்கி விழுந்துவிட்டேன். பெரிய அடி இல்லை. அதற்கப்புறம் தார் ரோட்டிலும் 80-க்கு மேல் போவதில்லை. அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் ஒன்றும் வீட்டில் சும்மா நிற்கிறது. என்ன செய்யட்டும்?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: தம்பி, தோப்பு, இட்டேரி, நண்பர்கள் சிரிப்பு எல்லாம் எழுதிவிட்டு, போகிற போக்கில் "80-க்கு மேல் போவதில்லை" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், கேள்வியே அதுதான் என்று எனக்குப் படுகிறது. அங்கே இரண்டு வேறு விஷயம் கலந்து கிடக்கிறது. இட்டேரிக்கு டியூக் ஒத்துவரவில்லை என்பது ஒன்று, விழுந்த பயம் இன்னும் உடம்பில் இருக்கிறது என்பது இன்னொன்று. எக்ஸ்பல்ஸ் முதலாவதைத் தீர்க்கும். இரண்டாவதைத் தீர்க்காது, சில இடங்களில் கூட்டவும் செய்யும்.

கூட்டும் என்று சொன்னதற்குக் காரணம் பிரேக். டியூக்கில் முன்னால் 320 மில்லிமீட்டர் டிஸ்க், இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடித்தால் சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுப்பது), அகலமான ரேடியல் டயர். எக்ஸ்பல்ஸில் முன் டிஸ்க் 276 மில்லிமீட்டர், ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும், முன் டயர் 90 மில்லிமீட்டர்தான் அகலம். ஸ்பிரிங்கும் நீளம், அழுத்திப் பிடித்தால் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கும். கோவை ரோட்டில் 80-ல் போகும்போது குறுக்கே ஒரு ஆள் வந்தால் நான் டியூக் மேல் இருக்கத்தான் ஆசைப்படுவேன். குதிரைசக்தி குறைந்தால் ஆபத்து குறையும் என்று வீட்டில் நினைப்பார்கள், நாமும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவோம், அது பாதிதான் உண்மை. பயம் போகவேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆளில்லாத இடத்தில் 40-ல் வந்து பிரேக் பிடித்துப் பழகுங்கள், அப்புறம் 50, 60 என்று ஏற்றுங்கள். இதை டியூக்கிலேயே செய்யுங்கள். பயத்தோடு விற்ற வண்டி பின்னால் ரொம்ப நாள் மனசில் நிற்கும்.

சரி, இட்டேரிக்கு வருவோம், அங்கேதான் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நீங்கள் விழுந்ததற்கு உங்களை மட்டும் குறை சொல்லமாட்டேன். 17 அங்குலச் சக்கரம், தார் ரோட்டுக்கென்று செய்த டயர், விறைப்பான ஸ்பிரிங், முன்னால் குனிந்து உட்காரும் நிலை, இத்தனையும் சேர்ந்து எடையைக் கொண்டுபோய் முன் சக்கரத்தில் போடுகிறது. ஈரச் சரளையில் அந்த டயருக்கே பிடிப்பு இல்லை. ஏபிஎஸ் நேராகப் போகும்போது காப்பாற்றும், வளைவில் சாய்ந்திருக்கும்போது டயருக்குப் பிடிப்பே இல்லையென்றால் அதனால் செய்ய முடிவது கொஞ்சம்தான். எக்ஸ்பல்ஸுக்கு முன்னால் 21 அங்குலம், பின்னால் 18. பெரிய சக்கரம் குழியில் விழாது, மேலேயே உருண்டு போய்விடும். தரைக்கும் வண்டி அடிக்கும் இடையே 220 மில்லிமீட்டர் இடைவெளி, முன் ஃபோர்க் 190 மில்லிமீட்டர், பின்பக்கம் 170 அமுங்கும். இன்ஜினுக்கு அடியில் தகடு இருக்கிறது. வேர், கல், தண்ணீர் பாய்ச்சின தோப்பின் கரை எல்லாவற்றிலும் எழுந்து நின்று ஓட்டுகிற மாதிரி கால்மிதியும் கைப்பிடியும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுந்து நின்றால் எடை கால்வழியாகக் கீழே இறங்கும், வண்டி உங்களுக்கு அடியில் ஆடும், ஆடட்டும். உட்கார்ந்து இறுக்கிப் பிடித்தால்தான் தள்ளும்.

இன்னொன்று, டியூக் இன்ஜின் மெதுவாகப் போவதற்குச் சங்கடப்படும் இன்ஜின். இட்டேரியில் இரண்டாவது கியரில் 15-ல் போனால் உதறும், நாம் கிளட்ச்சைப் பாதி பிடித்துக்கொண்டே போவோம், அதற்குள் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்துச் சூட்டைத் தொடையில் ஊதும். எக்ஸ்பல்ஸில் ரேடியேட்டரே கிடையாது, காற்றும் ஆயில் கூலரும்தான். கல் பட்டு உடைய அங்கே ஒன்று குறைவு.

நண்பர்கள் சொல்கிற கணக்கு சரிதான், குதிரைசக்தியில் டியூக்கின் 43.5-க்கு எதிரே எக்ஸ்பல்ஸ் 19.1. முறுக்கு விசையில் 37 நியூட்டன் மீட்டருக்கு எதிரே 17.35. ஆனால் 80-க்கு மேல் போகாத ஆளுக்கு அந்த 43.5 எங்கே செலவாகிறது என்று அவர்களைக் கேளுங்கள். நீங்கள் இழக்கப்போவது வேகம் இல்லை, ஓவர்டேக். கிணத்துக்கடவு வரை நான்குவழிச் சாலை, அங்கே தெரியாது. பாலக்காடு ரோட்டில், உடுமலை ரோட்டில், தேங்காய் நார் பொதியைப் பிதுங்கப் பிதுங்க ஏற்றிக்கொண்டு ஒரு லாரி முன்னால் போகும்போது தெரியும். டியூக்கில் மணிக்கட்டைத் திருப்பினால் முடிந்தது. எக்ஸ்பல்ஸில் ஒரு கியர் குறைத்து, எதிரே தூரம் பார்த்து, நார்த் தூசியைத் தின்றுகொண்டு காத்திருந்து, சில நேரம் 'வேண்டாம், போகட்டும்' என்று பின்னாலேயே போகவேண்டும். அந்தப் பொறுமை எல்லோருக்கும் வருவதில்லை. 90 வரை நிம்மதியாகப் போகும், அதற்கு மேல் போகும், ஆனால் வண்டி உங்களிடம் கேட்டுக்கொண்டேதான் போகும்.

நான் நாலு வருஷம் முன்னால் 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி ஒன்றை விற்றுவிட்டு, பழைய 2-வால்வு எக்ஸ்பல்ஸ் வாங்கினவன். முதல் மாதம் முழுக்க வருத்தம்தான், ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும் பழைய வண்டி ஞாபகம். அப்புறம் ஒரு மழை நாளில் ஏரிக்கரைச் சேற்றில் இந்த வண்டியைக் கவிழ்த்தேன், எழுந்து தூக்கி நிறுத்தி, கைப்பிடியில் ஒட்டின சேற்றைத் துடைத்துவிட்டுப் போய்விட்டேன். இதே கரையில் 202 கிலோ 650-ஐக் கவிழ்த்துவிட்டு, ஆடு மேய்க்கிற ஒருவர் வருகிறவரை முக்கால் மணி நேரம் நின்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் உங்கள் விஷயத்தில் இந்தக் கதை அப்படியே பொருந்தாது. எக்ஸ்பல்ஸ் 160 கிலோவை ஒட்டி வரும், உங்கள் டியூக் அதைவிடக் கொஞ்சம்தான் கூட. "இலேசான வண்டி" என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

உயரம் பற்றிக் கவலை வேண்டாம். எக்ஸ்பல்ஸ் இருக்கை சுமார் 825 மில்லிமீட்டர், டியூக்கும் கிட்டத்தட்ட அதேதான். 'ப்ரோ' மாடல் பக்கம் மட்டும் போகாதீர்கள், அது 891, ஐந்தடி ஐந்துக்கு இட்டேரியில் கால் ஊன்றத் தரை கிடைக்காது. புது ஹிமாலயன் 450 நல்ல வண்டிதான், 40 குதிரை, நண்பர்களும் வாயை மூடிக்கொள்வார்கள். ஆனால் 196 கிலோ. வாரம் மூன்று நாள் தோப்புக்குள் உருட்டப்போவது நீங்கள், அவர்கள் இல்லை. 2025-ல் வந்த எக்ஸ்பல்ஸ் 210-ல் ஆறு கியர், 24.6 குதிரை, ரேடியேட்டரும் உண்டு. ஹைவே அதிகம் ஓடுகிறவர்களுக்கு அது மேல். உங்களுக்குப் பழைய 4வி போதும், செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். வாங்குமுன் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ரிம் கோணலா, ஸ்போக் எதுவும் தளர்வா என்று விரலால் தட்டிப் பாருங்கள். டியூப் டயர் என்பதால் ஆணி ஏறினால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆகவேண்டும், டியூக் மாதிரி திரி சொருகிக்கொண்டு கிளம்ப முடியாது. 21 அங்குல டியூப் எல்லா பஞ்சர் கடையிலும் இருக்காது, ஒன்று வாங்கி சீட்டுக்கடியிலோ பையிலோ போட்டு வையுங்கள்.

நம் ஊரில் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று காற்று. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஆனி ஆடியில் அடிக்கிற காற்று உங்களுக்குத் தெரியாததில்லை. உயரமான, அகலக் கைப்பிடி வைத்த வண்டியை அது டியூக்கைவிட அதிகமாகத் தள்ளும். கைப்பிடியை இறுக்காமல் முழங்காலால் டேங்க்கைப் பிடியுங்கள்.

அப்புறம், இந்த வண்டி வாங்கினதும் "வா, காட்டுக்குள் விடலாம்" என்று எவனாவது கூப்பிடுவான். ஆனைமலை புலிகள் காப்பகம் பக்கத்திலேயே இருக்கிறது, அனுமதியில்லாமல் உள்ளே போனால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு. உங்கள் தோப்பு, உங்கள் இட்டேரி, அது போதும்.

பணம். ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் கேட்கவேண்டாம், டியூக்குக்கு வெளியே எப்போதும் பையன்கள் காத்திருக்கிறார்கள். கடனில் வாங்கின வண்டி என்றால் ஆர்சியில் இன்னும் ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறதா பாருங்கள். தவணை முடித்தவர்களில் பாதிப்பேர் அதை நீக்காமலேயே வைத்திருப்பார்கள். அதை நீக்கக் கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் (என்ஓசி) படிவம் 35-ம் வேண்டும். விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெறும் கையெழுத்தைப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். வண்டி கைமாறியதை 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவர். பெயர் மாறாமல் அந்தப் பையன் எங்காவது இடித்தால் இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்சியில் பெயர் இருப்பவருக்குத்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனக்கு இது பட்ட அனுபவம். நான் விற்ற வண்டிக்கு ஏழு மாதம் ஹெல்மெட் அபராதக் குறுஞ்செய்தி என் போனுக்கு வந்துகொண்டிருந்தது.

இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கிற நோ க்ளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, அது உங்களுடையது, சான்று வாங்கிப் புது வண்டிக்கு மாற்றுங்கள். மூன்றாம் நபர் பிரீமியமும் குறையும். 2022 ஜூனில் வந்த கட்டணத்தில் 350 சிசிக்கு மேல் 2,804 ரூபாய், 150-லிருந்து 350 வரை 1,366.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒரு மாதம் பொறுங்கள். அப்பாவின் எக்ஸ்எல் சும்மா நிற்கிறது என்று எழுதினீர்களே, தோப்பு நாட்களில் அதை எடுங்கள். கொங்குநாட்டில் பாதித் தோப்புகள் அந்த வண்டியில்தான் ஓடுகின்றன, முன்னால் நாலு குலை தேங்காயும் வைத்துக்கொள்ளலாம், சேற்றில் சாய்ந்தால் ஒற்றைக் கையில் தூக்கலாம். மற்ற நாட்களில் டியூக் எடுங்கள். மாதக் கடைசியில் டியூக் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பாருங்கள். ஆசையாக எடுத்து ஓட்டியிருந்தால் அதை விற்காதீர்கள், எக்ஸ்எல்லுக்கு இரண்டு டயர் மாற்றினால் உங்கள் பிரச்சினை சில ஆயிரத்தில் முடிந்துவிடும். டியூக் தூசி பிடித்து நின்றிருந்தாலோ, எக்ஸ்எல்லில் போகும்போது இட்டேரி சீக்கிரம் முடிந்துவிடுகிறதே என்று இருந்தாலோ எக்ஸ்பல்ஸ் வாங்குங்கள், நண்பர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எக்ஸ்எல்லை எடுக்குமுன் டேங்க்கில் நாள்பட்டுக் கிடக்கிற பெட்ரோலை வடித்துவிடுங்கள், பிளக்கைக் கழற்றித் துடையுங்கள். எந்தப் பக்கம் மிதித்தால் பிடிக்கும் என்று அப்பாவைக் கேளுங்கள், அந்த வண்டிக்கென்று ஒரு கணக்கு வைத்திருப்பார்.