திங்கட்கிழமை வராத டெய்லர்கள்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். திருப்பூரில் எங்களுக்கு ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. அப்பா 12 மெஷினோடு ஆரம்பித்தது, இப்போது 90 மெஷின் ஓடுகிறது. நான் எம்.பி.ஏ. முடித்துவிட்டு நான்கு வருடமாக அப்பாவோடு இருக்கிறேன். போன வருடம் 22 ஆர்டர் செய்தோம். அதில் 9 ஆர்டர் சொன்ன தேதிக்குப் போகவில்லை. இரண்டை விமானத்தில் அனுப்ப வேண்டி வந்தது. அந்த இரண்டிலும் லாபம் மொத்தமும் கரைந்துவிட்டது.

அப்பா, "ஆளுங்க சரியில்ல, திங்கட்கிழமை ஆனா பாதி டெய்லர் வர்றதில்ல" என்கிறார். புரொடக்‌ஷன் பார்க்கும் மாமா, ஆர்டர்களை ஆரம்பம் முதல் கடைசி வரை பின்தொடரும் மெர்சண்டைசர்களைக் குறை சொல்கிறார். மெர்சண்டைசர்கள் சாயப்பட்டறையைச் சொல்கிறார்கள். ஒரு கன்சல்டன்ட் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு, உங்களுக்குள் தகவல் தொடர்பு சரியில்லை, எல்லாத் துறையின் தகவலையும் ஒரே இடத்தில் வைக்கும் ஈஆர்பி மென்பொருளை 14 லட்சத்துக்குப் போட்டால் சரியாகிவிடும் என்றார். காரணங்களை மீன் முள் மாதிரி கிளை கிளையாக எழுதும், கல்லூரியில் படித்த மீன்முள் வரைபடத்தை நானே வரைந்தும் பார்த்தேன். எல்லா முள்ளும் நிறைந்துவிட்டதே தவிர எதுவும் தெளியவில்லை. ஈஆர்பி வாங்கலாமா? மாமாவுக்குப் பதில் வேறு மேனேஜர் போடலாமா? எங்களுடைய உண்மையான பிரச்சினை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

(பெயர் வேண்டாம்)
திருப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் பிரச்சினை ஒரே ஒரு வரியில்தான் இருக்கிறது: "22 ஆர்டரில் 9 தேதிக்குப் போகவில்லை." மற்றதெல்லாம் ஆளாளுக்குச் சொல்லும் தீர்ப்பு. அப்பா டெய்லர்களைக் குற்றவாளி ஆக்குகிறார், மாமா மெர்சண்டைசரை, மெர்சண்டைசர் சாயப்பட்டறையை. கன்சல்டன்ட் மருந்துச் சீட்டையே எழுதிவிட்டார். "ஈஆர்பி இல்லை" என்பது பிரச்சினை கிடையாது. அது ஒரு தீர்வு இல்லாமல் இருப்பது, அவ்வளவுதான். தலைவலியோடு போனவரிடம் "உங்களுக்கு மாத்திரை இல்லை, அதுதான் நோய்" என்று யாரும் சொல்வதில்லை. கம்பெனிகளில் மட்டும் தினமும் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

உங்கள் அப்பா சொன்ன திங்கட்கிழமை விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் அதே வாக்கியத்தை இருபது வருடத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் தினமும் கேட்டேன். பெயர் வேண்டாம். சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை செலவழிக்கிறார்கள், திங்கட்கிழமை படுத்துக்கொள்கிறார்கள் என்று முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். திங்கட்கிழமை வருபவர்களுக்குத் தனியாக 50 ரூபாய் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னதே நான்தான். கொடுத்துப் பார்த்தோம். இரண்டு வாரம் கொஞ்சம் பேர் கூடுதலாக வந்தார்கள், அப்புறம் பழையபடி ஆகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை லைன் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஓர் ஓவர்லாக் டெய்லர் அக்கா வந்தார். தூக்குப்போசியை ஜன்னலில் வைத்தார், மெஷினைத் துடைத்தார், எண்ணெய் விட்டார். தைக்க வேண்டிய பீஸ்களைக் கட்டாக வைக்கும் பண்டல் ஸ்டாண்டைப் பார்த்தார். காலி. உட்கார்ந்துவிட்டார். பத்தரை மணி வரை ஒரு பீஸ்கூட அவர் கைக்கு வரவில்லை. பக்கத்தில் போய், "மத்தவங்க ஏங்கக்கா வரல?" என்று கேட்டேன். "பீஸ் ரேட்டுங்க சார் நமக்கு. பண்டல் இல்லாத அன்னைக்கு வந்து மெஷினத் தொடச்சுட்டு உக்காந்திருக்கறதுக்கு எதுக்குங்க வரணும்? பக்கத்துக் கம்பெனில வேல இருக்குது, அங்க போயிட்டாங்க" என்றார். ரொம்ப நாளாகவே அப்படித்தானாம். அவரிடம் யாரும் கேட்டதில்லை.

ஆள் வராததால் வேலை நிற்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் வேலை இல்லாததால்தான் ஆள் வரவில்லை. காரணத்தையும் விளைவையும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் 50 ரூபாயும் வைத்தோம்.

அதற்கப்புறம் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பண்டல் ஏன் இல்லை என்று பின்னோக்கிப் போனேன். கட்டிங் முடிந்த பாடி பீஸ்கள், அதாவது பனியனின் உடம்புப் பகுதிகள், அடுக்கி அடுக்கிக் கிடந்தன. கழுத்துக்கு வைக்கும், இழுத்தால் நீளும் ரிப் துணி வரவில்லை. ஏன்? ரிப்பைத் தனியாகச் சாயம் போட்டிருந்தார்கள், ஷேடு பாடியோடு ஒத்துப்போகவில்லை, திரும்பப் பட்டறைக்குப் போயிருந்தது. ஏன் தனியாகப் போட்டார்கள்? பாடித் துணி சாயத்துக்குப் போன அன்று ரிப் நிட்டிங்கே முடிந்திருக்கவில்லை. ஏன் முடியவில்லை? பாடித் துணி நிட்டிங்கிலிருந்து எடை போட்டு வந்தபிறகு, அந்த எடைக்குக் கணக்குப் பார்த்துத்தான் ரிப் ஓட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அந்த விதி எப்படி வந்தது? எப்போதோ ஓர் ஆர்டரில் ரிப் நிறைய மிச்சமாகி முதலாளிக்குக் கோபம் வந்திருக்கிறது. அன்று போட்ட விதி. சனிக்கிழமை சம்பளக் கணக்குக்காக டெய்லர்கள் கையில் இருந்த பண்டலையெல்லாம் முடித்துவிடுவார்கள். ரிப் செவ்வாயோ புதனோ வரும். நடுவில் மாட்டிக்கொண்டது திங்கட்கிழமை.

கொஞ்சம் கூடுதலாகக் கணக்குப் போட்டு ரிப்பை முதலில் ஓட்டி, பாடியையும் ரிப்பையும் ஒரே லாட்டில் சாயத்துக்கு அனுப்ப ஆரம்பித்தோம். ஆர்டருக்குச் சில கிலோ ரிப் மிச்சமானது. இரண்டு மாதத்தில் திங்கட்கிழமையும் மற்ற நாள் மாதிரி ஆகிவிட்டது. எல்லாத் தாமதமும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், லேபிள் தாமதம் அப்படியேதான் இருந்தது. ஆனால் டெய்லர்களைத் திட்டுவது நின்றது. எனக்கு அது பெரிய விஷயம்.

மீன்முள்ளோடு "ஐந்து ஏன்" என்பதையும் கல்லூரியில் படித்திருப்பீர்கள்: முதல் பதிலோடு நிற்காமல், ஏன் ஏன் என்று ஐந்து முறை கேட்பது. அது டொயோட்டாவில் வளர்ந்த பழக்கம். அந்தக் கம்பெனியின் வேர் காரில் இல்லை, தறியில் இருக்கிறது. சகிச்சி டொயோடா 1924இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். நம் ஊர் நிட்டிங் மெஷினும் நூல் அறுந்தால் நிற்கிறது. துணி வீணாவதற்கு முன்னால் நின்று, எங்கே அறுந்தது என்று பார் என்கிறது. டொயோட்டாவில் உற்பத்தி முறையை வளர்த்த டைச்சி ஓனோ சொன்ன உதாரணம் ஒன்று உண்டு. மெஷின் நின்றது. ஏன்? பாரம் அதிகமாகி ஃபியூஸ் போனது. ஏன்? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாமல் இரும்புத் துகள் உள்ளே போனது. முதல் ஏனோடு நிறுத்தியிருந்தால் ஃபியூஸை மாற்றியிருப்பார்கள், சீக்கிரமே மறுபடியும் போயிருக்கும்.

அந்தச் சங்கிலியில் எங்கேயும் ஒரு மனிதரின் பெயர் வரவில்லை பாருங்கள். நாம் "ஏன்" என்று ஆரம்பித்து இரண்டாவது படியிலேயே "யார்" என்று மாறிவிடுகிறோம். யார் என்று பதில் வந்தவுடன் விசாரணை முடிந்துவிடுகிறது, திட்டு ஆரம்பித்துவிடுகிறது. பெயர் வந்து நின்றால் இன்னொரு படி இறங்குங்கள். அந்த ஆள் ஏன் அப்படிச் செய்தார்? பெரும்பாலும் அவருக்கு மேலே ஒரு விதியோ, ஒரு பயமோ, வராத ஒரு தகவலோ இருக்கும். மாமாவை மாற்றுவது பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம் என்று சொல்வதும் அதனால்தான். புது மேனேஜருக்கும் அதே தாமதம்தான் வரும்.

உங்கள் மீன்முள் ஏன் நிறைந்து போனது? அது அறைக்குள் உட்கார்ந்து வரைந்தது. தெரிந்த காரணங்களை அடுக்கி வைக்கத்தான் அது உதவும், எது நிஜம் என்று சொல்லாது. அதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும்.

ஒன்று, தேதிக்குப் போன அந்த 13 ஆர்டர். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அமெரிக்க விமானப் படைக்காக ஆய்வு செய்துகொண்டிருந்த சார்லஸ் கெப்னர், பெஞ்சமின் டிரிகோ என்ற இருவர் 1950களில் கவனித்தது இதைத்தான்: பிரச்சினை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்காதே, இருந்திருக்க வேண்டிய எந்த இடத்தில் அது இல்லை என்றும் கேள். அதே டெய்லர்கள், அதே மாமா, அதே மெர்சண்டைசர்கள்தானே அந்த 13ஐயும் அனுப்பினார்கள்? ஆட்கள் சரியில்லை என்றால் அவை எப்படிப் போயின? 22 ஆர்டரையும் ஒரு பெரிய தாளில் எழுதுங்கள். எந்த பையர், எத்தனை கலர், பிரிண்ட் உண்டா, எந்தப் பட்டறை, லேப் டிப் (சாய நிற மாதிரி) அனுமதி எந்தத் தேதி, துணி எந்தத் தேதி, கட்டிங் எந்தத் தேதி. 9க்கும் 13க்கும் நடுவில் வித்தியாசம் எந்தக் கட்டத்தில் தெரிகிறது என்று பாருங்கள். தாமதமானதெல்லாம் ஐந்து கலருக்கு மேல் உள்ள ஆர்டர் என்று வந்தால், திங்கட்கிழமையை விட்டுவிடலாம்.

எப்போதிலிருந்து என்பதையும் அதிலேயே பாருங்கள். 2011 ஜனவரி 28ஆம் தேதி கழிவுநீர் விஷயத்தில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே தவித்தது. அந்த மாதங்களில் லேட்டான ஆர்டருக்குத் தங்கள் டெய்லரைக் குறை சொன்னவர்களையும் எனக்குத் தெரியும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருவது வேறு, உங்களுக்கு மட்டும் வருவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் வெளியே இருப்பதை உள்ளே தேடுவோம், உள்ளே இருப்பதை ஊர் மேல் போடுவோம்.

இரண்டாவது வேலை, எண்ணுவது. இன்று மாலை கட்டிங் முதல் பேக்கிங் வரை தரையிலும் ஸ்டாண்டிலும் எத்தனை பீஸ் கிடக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை பீஸ் பெட்டியில் போகிறது என்று பாருங்கள். 60,000 கிடக்கிறது, 4,000 வெளியே போகிறது என்றால், இன்று கட் ஆகும் ஒரு பீஸ் பெட்டிக்குள் போகச் சராசரியாக 15 நாள். ஜான் லிட்டில் என்பவர் 1961இல் கணக்கு ரீதியாக நிரூபித்த உறவு இது, பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும். ஒரு டி-ஷர்ட்டைத் தைக்கச் சில நிமிடம்தான் ஆகிறது. மீதி நாளெல்லாம் அது எதற்கோ காத்துக்கொண்டு கிடக்கிறது. எங்கே அதிகம் குவிந்திருக்கிறதோ, அதற்கு அடுத்த வேலையில்தான் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. டெய்லர் வேகத்தைக் கூட்டினால் அந்தக் குவியல் இன்னும் பெரிதாகும், அவ்வளவுதான்.

ஓனோ தன் ஆட்களைத் தொழிற்சாலைத் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் மணிக்கணக்கில் நின்று பார்க்கச் சொல்வார். நீங்களும் நில்லுங்கள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்தால் டெய்லர் கை ஓடுகிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று. பிரச்சினையை யாருடைய பக்கத்திலிருந்து எழுதுகிறோம் என்பதும் முக்கியம். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஏழைகளுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை இலவசம். இலவசம் என்றால் வந்துவிடுவார்கள் என்றுதானே நமக்குத் தோன்றும்? முகாமில் பரிசோதனை செய்துகொண்டு, ஆபரேஷன் வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களில் நிறையப் பேர் வரவில்லை. மருத்துவமனைப் பக்கமிருந்து பார்த்தால் அது அறியாமை. கிராமத்துப் பெரியவர் பக்கமிருந்து பார்த்தால் பஸ் காசு, சாப்பாடு, கூட வரும் மகனின் ஒரு நாள் கூலி, தனியாகப் போகும் பயம். அதனால் முகாம் நடந்த அன்றே எல்லோரையும் சேர்த்து பஸ்ஸில் கூட்டிப்போய், சாப்பாடு போட்டுத் தங்கவைத்து, திரும்பவும் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். "விலை" என்று இருந்த பிரச்சினையை "வழி" என்று திருத்தி எழுதிய பிறகுதான் அந்த பஸ் வந்தது. எங்கள் ஓவர்லாக் அக்காவின் திங்கட்கிழமையும் இதே கதைதான்.

ஈஆர்பி விஷயத்துக்கு என் பதில்: இப்போது வேண்டாம். ரிப் தாமதமாக வந்தால் மென்பொருளும் தாமதம் என்று சிவப்பில் காட்டும், ரிப்பை அது கொண்டுவராது. எந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்தபிறகு வாங்கினால் அது உழைக்கும். அதற்கு முன்னால் வாங்கினால் எல்லாத் தேதியையும் நிரப்ப இரண்டு ஆள் போட வேண்டியிருக்கும்.

மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் இரண்டே கட்டம் போதும்: எந்தப் பண்டல் நிற்கிறது, எதற்காக நிற்கிறது. மாமாவிடம் போய் "ஏன் லேட்" என்று கேட்காதீர்கள். "இந்தப் பண்டல் எதுக்காகக் காத்துட்டு இருக்குதுங்க மாமா?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார். இரண்டாவது கேள்விக்கு உங்களோடு சேர்ந்து தேடுவார். செக்கிங் டேபிளில் இருக்கும் அக்காமார்களிடம் கட்டாயம் பேசுங்கள், எந்த ஆர்டர் எந்த வேலையில் பழுதாகி வருகிறது என்று அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். உங்கள் கம்பெனியில் ரிப்பாகத்தான் இருக்கும் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். என் விடையை உங்கள் மேல் வைத்தால் நானும் அந்தக் கன்சல்டன்ட் மாதிரி ஆகிவிடுவேன்.

ஒரு நாள் அப்பாவையும் கூட நிற்கச் சொல்லுங்கள். 12 மெஷின் இருந்த காலத்தில் எந்தப் பண்டல் எங்கே நிற்கிறது என்பது நின்ற இடத்திலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கும். நோட்டில் என்ன வந்தது என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.