எட்சிங்கும் என்கிரேவிங்கும் ஒன்றா?

பித்தளைப் பெயர்ப்பலகைக்கு என்கிரேவிங் கேட்டீர்கள், கொட்டேஷனில் எட்சிங் என்று வந்திருக்கிறது, ஏமாற்றுகிறார்களா என்கிறீர்கள். ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் இரண்டும் வேறு. என்கிரேவிங்கில் கூர்முனை உலோகத்தைச் சீவி எடுக்கும். எட்சிங்கில் எழுத்துப் பகுதியை மட்டும் திறந்துவிட்டு மற்றதை மூடிவிடுவார்கள். ஃபெரிக் குளோரைடு போன்ற ரசாயனம் திறந்த இடத்தை அரிக்கும். பொடி எழுத்து, மெல்லிய கோடு எல்லாம் இதில் அழகாக வரும், மட்டமென்று நினைக்காதீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது ஆழம் எத்தனை மி.மீ. என்பதுதான். பள்ளம் போதாவிட்டால் உள்ளே நிரப்பிய பெயிண்ட் பாலிஷ் போடப் போடத் தேய்ந்துவிடும். அப்புறம், லேசர் மார்க்கிங் என்றால் உஷார்! அது பெரும்பாலும் மேற்பரப்பின் நிறத்தைத்தான் மாற்றும், தடவினால் பள்ளமே தெரியாது.