இரசாயனவியல் வழியாகக் காலநிலை ஆய்வுக்குச் செல்ல விரும்பும் மகளைப் பற்றி ஒரு தாயாருக்கு

அன்புள்ள அம்மா,

திருகோணமலை உப்புவெளியிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் தோற்றிய உங்கள் மகள், இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் பெற்றுக் காலநிலை ஆய்வாளராக வேண்டும் என்கிறார். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரின் பெயருக்கு எதிரே பல்லாயிரம் மேற்கோள்கள் இருப்பதைக் காட்டி, அவரிடம்தான் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்வேன் என்றும் சொல்கிறார். அந்த எண்ணைப் பார்த்ததும் உங்களுக்கு மலைப்பும் அச்சமும் ஒருங்கே வந்திருக்கின்றன. ஆகவே அந்த எண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒருவரின் ஆய்வுக் கட்டுரையை இன்னொரு ஆய்வாளர் தம் கட்டுரையில் ஆதாரமாகச் சுட்டுவதே மேற்கோள். மேற்கோள்களைக் கொண்டு ஆய்வாளரை அளவிடும் எச்-சுட்டி என்பதை 2005ஆம் ஆண்டில் ஹோர்கே ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் முன்மொழிந்தார். ஒருவருடைய ஐந்து கட்டுரைகள் முறையே 40, 12, 7, 4, 1 மேற்கோள்களைப் பெற்றிருந்தால், குறைந்தது நான்கு மேற்கோள் பெற்ற கட்டுரைகள் நான்கு இருப்பதால் அவருடைய சுட்டி 4. இந்தச் சுட்டி கூடுமே தவிர ஒருபோதும் குறையாது. எனவே ஓய்வுபெறும் வயதிலுள்ளவரின் சுட்டியையும், பணியில் சேர்ந்து எட்டு ஆண்டுகளே ஆன விரிவுரையாளரின் சுட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமாகாது.

இரசாயனவியலும் காலநிலையும் சந்திக்கும் இடத்தில் இந்த எண்கள் இன்னும் அதிகமாக ஏமாற்றும். உலகளாவிய காபனீரொட்சைட்டுக் கணக்கைத் தொகுக்கும் கட்டுரையைப் பல பத்துப் பேர் சேர்ந்து எழுதுவார்கள்; காலநிலைபற்றி எழுதும் அனைவரும் அதைச் சுட்டுவதால், கடைசிப் பெயருக்குரியவரின் கணக்கிலும் முதற்பெயருக்குரியவரின் கணக்கிலும் அதே மேற்கோள்கள் ஏறும். ஒரு வாயு வளிமண்டலத்தில் எவ்வளவு வேகமாகத் தாக்கமுறுகிறது என்பதை ஆய்வுகூடத்தில் ஆண்டுக்கணக்கில் அளப்பவருக்கோ சில பத்து மேற்கோள்களே கிடைக்கலாம், அவர் அளந்த வேகமின்றிக் கணினி மாதிரிகள் இயங்கமாட்டா என்றாலும்.

மகளுக்கு ஒருவரை எடுத்துக்காட்ட வேண்டுமென்றால் காலநிலை ஆய்வாளர் வீரபத்ரன் இராமநாதனைக் காட்டுவேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்று, குளிர்சாதனப் பெட்டி செய்யும் நிறுவனமொன்றில் வேலை பார்த்தவர் அவர். அங்கே அவர் பழகியது குளிரூட்டி வாயுக்களின் கசிவோடு. பின்னர் அமெரிக்காவில் ஆய்வாளராகி, 1975இல் தனியொருவராக எழுதிய கட்டுரையில், குளிரூட்டிகளான அதே குளோரோபுளோரோகாபன்கள் பூமியை வெப்பமாக்குவதிலும் மிக வலிமையானவை என்று காட்டினார். அதற்கு ஓராண்டு முன்னரே, 1974இல், இரசாயனவியலாளர்களான மரியோ மொலினாவும் ஷெர்வூட் ரோலண்டும் அவை ஓசோனைச் சிதைக்கும் என்று எழுதியிருந்தார்கள். அப்போது மொலினா கலாநிதிப் பட்டம் முடித்துச் சில ஆண்டுகளே ஆன இளைஞர். 1987இல் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. 1995இல் போல் குருட்சனுடன் சேர்த்து மொலினாவுக்கும் ரோலண்டுக்கும் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கட்டுரைகளை எழுதிய காலத்தில் இராமநாதனுக்கோ மொலினாவுக்கோ பெரிய மேற்கோள் கணக்கு எதுவும் இருக்கவில்லை என்பதை மகளிடம் நிதானமாகச் சொல்லுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இது.

ஆகவே மேற்பார்வையாளரைத் தேடும்போது மொத்த எண்ணைவிட, அவருடைய மாணவர்கள் முதற்பெயராக எழுதிய கட்டுரைகள் எத்தனை, அவர்கள் எத்தனை ஆண்டுகளில் பட்டம் முடித்தார்கள், இப்போது எங்கே பணிபுரிகிறார்கள் என்பதையே பார்க்க வேண்டும். பழைய மாணவர் இருவருக்கு மரியாதையாக மின்னஞ்சல் எழுதிக் கேட்பதில் தவறில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விஞ்ஞானக் கலாநிதி மாணவர் பெரும்பாலோர்க்குக் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணியின் பேரில் மாதப்படி வழங்கப்படுகிறது என்பதால், வீட்டை ஈடுவைக்க வேண்டுமோ என்ற உங்கள் அச்சத்தைத் தள்ளி வையுங்கள்.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்காக. உயிரியல் பிரிவில் படித்தவர்களுக்குக் கணிதம் போதாது. வளிமண்டல இரசாயனவியலில் வகையீட்டுச் சமன்பாடுகளும் கணினி நிரலாக்கமும் இன்றி முன்செல்ல முடியாது. பல்கலைக்கழகம் தொடங்கும்வரை கிடைக்கும் மாதங்களை அதற்கே செலவிடச் சொல்லுங்கள். பேராதனையோ யாழ்ப்பாணமோ, இரசாயனவியலில் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்தை இலக்காகக் கொள்ளட்டும். கலாநிதிப் பட்டம் வரை செல்லாவிட்டாலும், நீர், சுற்றாடல், உணவு ஆகிய துறைகளின் ஆய்வுகூடங்களிலும், சீனக்குடாப் பகுதியிலுள்ள பெரிய தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளிலும் இரசாயனவியல் பட்டதாரிக்கு வேலை உண்டு.

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அவர் தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. தொழிற்புரட்சிக்குப் பின் காபனீரொட்சைட்டை உறிஞ்சியதால் கடல்மேற்பரப்பின் பிஎச் (குறையக் குறைய அமிலத்தன்மை கூடுவதைக் காட்டும் அளவு) சராசரியாக ஏறத்தாழ 0.1 குறைந்திருக்கிறது. மகாவலி கலக்கும் கொட்டியாரக் குடாவிலும், புறாத்தீவின் முருகைக்கற்களைச் சூழ்ந்த நீரிலும் அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. பெறுபேறு வந்ததும் அவருடைய மூன்று பாடச் சித்திகளையும் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியையும் எனக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தில் எந்தப் பாடநெறியை எந்த வரிசையில் இடுவது என்பதை மூவரும் அமர்ந்து தீர்மானிப்போம்.