அம்மாவின் ஃபைலை யார் யார் பார்க்கலாம்?

கேள்வி: அக்கா, அம்மா மார்புப் புற்றுநோயில் போய் இரண்டு மாதம் ஆகிறது. அந்தியேட்டி முடிந்த கையோடு, கனடாவில் இருக்கும் சித்தி எல்லா ரிப்போர்ட்டையும் படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லி நிற்கிறார். தனக்கும் அந்த வருத்தம் வருமோ என்று பார்க்கவேண்டுமாம். ஆனால் அதே ஃபைலுக்குள்தான் அம்மா பதினைந்து வருடமாக மனநலக் கிளினிக்குக்குப் போன கொப்பியும் கிடக்கிறது. அப்பாவையும் என்னையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம் என்று அம்மாவே சொல்லியிருந்தார். கொடுக்காவிட்டால் என்னைத்தான் திட்டுவார்கள். என்ன செய்வது?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: போடாதீர்கள். குழுவில் ஒரு படம்கூட வேண்டாம்.

அதற்காகச் சித்தி கேட்பது பிழை என்று சொல்லவில்லை. உடன்பிறந்த அக்காவுக்கு மார்புப் புற்றுநோய் என்றால் தங்கைக்கும் அபாயம் கூடத்தான், அவருடைய டொக்டர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார். ஆனால் டொக்டருக்குத் தேவையானது நாலு விஷயம்: எந்த வயதில் கண்டுபிடித்தார்கள், ஒரு பக்கமா இரண்டு பக்கமா, சூலகத்திலும் ஏதும் இருந்ததா, மரபணுப் பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவு என்ன. இதைச் சித்திக்குத் தனியாக எழுதி அனுப்புங்கள். பதினைந்து வருடத்துக் கொப்பியைப் புரட்டித்தான் இதைச் சொல்லவேண்டும் என்று இல்லையே. மனநல வருத்தமும் சில குடும்பங்களில் தொடர்வது உண்டு, அதனால் நாளைக்குச் சித்தியின் பிள்ளை ஒன்றுக்கு உண்மையாகவே தேவை வந்தால் அந்த ஒரு ஆளிடம் மட்டும் வாய்விட்டுச் சொல்லலாம். அது வேறு கதை.

ஆள் போனபிறகு என்ன இரகசியம் என்று யாராவது கேட்பார்கள். டொக்டர்மார் எடுக்கும் ஜெனீவா உறுதிமொழியில், நோயாளி சொன்ன இரகசியத்தை அவர் இறந்த பின்னும் காப்பேன் என்ற வரி 1968லேயே சேர்ந்துவிட்டது. அமெரிக்காவில் இறந்து 50 வருடம் வரைக்கும் மருத்துவப் பதிவுகளுக்குப் பாதுகாப்பு உண்டு. ஐரோப்பாவின் பெரிய தரவுச் சட்டம் இறந்தவர்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, ஆனால் நம்முடைய இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரோடு இருப்பவரையும் இறந்தவரையும் சேர்த்தேதான் சொல்கிறது. நல்ல விஷயம்தான், நடைமுறைக்கு வரும் தேதி தள்ளித் தள்ளிப் போனது என்பதை விட்டால். ஆனால் அது ஆஸ்பத்திரிக்கும் கம்பனிக்கும்தான். வீட்டுக்குள் நடப்பதற்கு அந்தச் சட்டம் வராது. நீங்கள் குழுவில் போட்டுவிட்டால் தடுக்க ஆளில்லை. கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் யாரோ ஒரு மருமகள் அதைத் தன் தோழிக்கு அனுப்பியிருப்பார், நீங்கள் அழிப்பதற்குள்.

காப்புறுதி இருந்தால் அங்கே ஒளிக்கப்போகாதீர்கள். பொலிசி எடுக்கும்போதே மருத்துவப் பதிவுகளைப் பார்க்கச் சம்மதம் என்று பெரும்பாலும் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். எந்தெந்தக் கடதாசி வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், கேட்டதை மட்டும் கொடுங்கள். மரணச் சான்றிதழில் காரணம் எழுதியே இருக்கும், பாங்குக்கும் ஈபிஎஃப்புக்கும் பிரதி போகத்தான் செய்யும், அதை நினைத்துக் கவலைப்பட்டுப் பயனில்லை.

அப்புறம், எல்லாம் முடிந்து வீட்டைத் துப்புரவாக்கும்போது ஃபைலை அப்படியே பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். காலிமுகத்திடலில் ஒருமுறை இறால் வடை வாங்கினேன், சுற்றிக் கொடுத்த கடதாசி யாரோ ஒருவருடைய இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். பெயர், வயது, சீனி அளவு, எல்லாம் எண்ணெயில் ஊறித் தெளிவாகத் தெரிந்தது. வடையைத் தின்றேன், பொய் சொல்லமாட்டேன், ஆனால் அந்தப் பெயர் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. கிளினிக் கொப்பியைக் கிழித்து ஊறவைத்து எறியுங்கள். புற்றுநோய் ரிப்போர்ட்டுகளை மட்டும் வேறு உறையில் போட்டு வைத்திருங்கள், உங்களுக்கே ஒருநாள் தேவைப்படும்.

கேள்வி: அரசாங்க ஆஸ்பத்திரியில் இறந்த பெரியப்பாவின் பதிவுகளை, காணித் தகராறில் எதிர்த்தரப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு எடுக்கலாமா?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: இலேசில் கிடைக்காது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தில் 5ஆம் பிரிவு, ஒருவருடைய மருத்துவப் பதிவை அவர் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் மறுக்கவேண்டும் என்கிறது. பெரியப்பா இனி எங்கே கையெழுத்து வைப்பது? பொதுநலன் பெரிதென்றால் அந்தச் சட்டமே கொடுக்கச் சொல்லும், ஆனால் உங்கள் வீட்டு வேலிச் சண்டை பொதுநலன் ஆகாது. நீதிமன்றம் அழைத்தால் கதை வேறு. உயில் எழுதும்போது அவர் சுயநினைவோடு இருந்தாரா என்று யாரும் கிளப்பினால் நீதிபதி பதிவுகளைக் கொண்டுவரச் சொல்லலாம். உயில் ஒன்று இருந்தால் அதை இப்போதே உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லிவையுங்கள்.